‘ஒன்லி’யின் இடம்

எங்கள் பஜனைக் குழுவின் இருபத்தைந்தாவது ஆண்டு மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று மூன்றாம் மாடி பத்மஜா வந்து சொல்லிவிட்டுப் போனாள். தலைப்பு, ‘என் இல்லத்தின் பெரியவர்’. பிறந்த ஊர், படிப்பு, உத்தியோகம், குணம் என்று வரிசையாக வந்தால் போதுமாம். ஒரு பக்கத்தில் அடங்குகிற மனிதரா என் வீட்டுக்காரர்? அவருடைய குணத்துக்கே தனியாக ஒரு மலர் போடவேண்டும். பத்மஜா வெட்டினால் வெட்டட்டும், நான் எழுதுவதை எழுதிவிடுகிறேன்.

பெயர் வேங்கடசுப்ரமணியன். பிறந்தது பாலக்காடு. மூன்று வயதில் பம்பாய் மாட்டுங்காவுக்கு வந்தவர், இன்னும் இங்கேயேதான் இருக்கிறார். பி.ஏ. இங்கிலீஷ். ஃபோர்ட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனியில் முப்பத்துநான்கு வருஷம் கடிதப் பிரிவில் உத்தியோகம். மற்றவர்கள் எழுதும் இங்கிலீஷ் கடிதங்களைத் திருத்துவதுதான் வேலை. அந்தக் கடிதங்களில் மிளகு போயிற்றா மெஷின் போயிற்றா, கப்பல் போய்ச் சேர்ந்ததா முழுகியதா என்று கேட்டால் அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. வாக்கியம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் அவர் கவலை. கம்பெனியில் இவரை ‘கமா சாப்’ என்று கூப்பிட்டார்களாம். அதைப் பட்டம் என்று நினைத்து என்னிடம் பெருமையாகச் சொன்னார். நானும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன்.

இவருக்கு இந்த உலகத்தில் இரண்டே விரோதிகள். முதல் விரோதி, ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ என்று சொல்பவர்கள். ஒரு நாள் காலையில் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிறது. பத்மஜா மூன்றாம் மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, “மாமா, மோட்டார் ஓடிண்டே இருக்கு. ப்ளீஸ் ஸ்விட்ச் ஆஃப் இட்” என்று குரல் கொடுத்தாள். இவர் கீழே சுவிட்சுக்கு ஒரு முழ தூரத்தில் நிற்கிறார். கையை நீட்டினால் போதும். நீட்டவில்லை.

“ஸ்விட்ச் இட் ஆஃப்” என்றார் நிதானமாக. “மோட்டார்னு நௌனா இருந்தா அது நடுவிலேயும் வரலாம், கடைசியிலேயும் வரலாம். ‘இட்’டுன்னு ப்ரோனவுன் வந்துட்டா அது வினைக்கும் ஆட்வெர்புக்கும் நடுவிலேதான் உட்காரும். வேற எங்கேயும் உட்காராது. எங்கே, சொல்லு பார்ப்போம்.”

அந்தப் பெண்ணும் பாவம், சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் தடவை சரியாகச் சொன்ன பிறகுதான் மோட்டார் நின்றது. அதற்குள் தண்ணீர் மாடிப்படி வழியாக இறங்கி வந்து வாட்ச்மேனுடைய செருப்பில் ஒன்றைச் சாக்கடைக்குக் கொண்டுபோய்விட்டது. வாட்ச்மேன் அந்த மாதம் முழுவதும் இவரைப் பார்த்து சலாம் வைக்கவில்லை. ப்ரோனவுன் மட்டும் பத்திரமாக நடுவில் உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது விரோதிதான் பெரியவன். ‘ஒன்லி’.

பம்பாயில் நாம் பேசும் இங்கிலீஷில் ஒன்லி இல்லாமல் பொழுது போகாது. நம்முடைய ‘தான்’ அது. இங்கேதான் என்றால் ஹியர் ஒன்லி. நேற்றுதான் என்றால் எஸ்டர்டே ஒன்லி. அவன்தான் சொன்னான் என்றால் ஹி ஒன்லி டோல்ட். ரயிலில் சொன்னால் புரிகிறது, பாங்கில் சொன்னால் புரிகிறது, மராத்திக்காரர்களுக்கும் குஜராத்திக்காரர்களுக்கும் புரிகிறது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் புரியாது. புரியாமல் என்ன, புரிந்துகொள்ள மாட்டேன் என்று ஒரு விரதம்.

பெண் பார்க்க எங்கள் திலக் நகர் வீட்டுக்கு வந்த அன்றே இது தெரிந்துவிட்டது. மிக்சர் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, எங்கே வேலை பார்க்கிறாய் என்று இங்கிலீஷில் கேட்டார். “இன் செம்பூர் ஒன்லி” என்றேன். வீட்டுக்குப் பக்கத்திலேயேதான் வேலை என்று அவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்துச் சொன்னது. இவர் புருவத்தைத் தூக்கி, “ஒன்லி இன் செம்பூர்? நாட் எனிவேர் எல்ஸ்?” என்று கேட்டார். நான் இரண்டு கம்பெனியில் வேலை பார்க்கிறேனோ என்று சந்தேகப்படுகிறார் என்று பயந்துபோய், “நோ சார், செம்பூர் ஒன்லி, செம்பூர் ஒன்லி” என்றேன். அவர் என் அப்பா பக்கம் திரும்பி, பெண் பிடித்திருக்கிறது, ஒன்லியைப் பின்னால் சரிபண்ணிக்கொள்ளலாம் என்றாராம். முப்பத்தெட்டு வருஷமாகச் சரிபண்ணிக்கொண்டிருக்கிறார்.

நான் தட்டெழுத்துக்காரி. செம்பூரில் ஒரு கம்பெனியில் நாளைக்கு நாற்பது கடிதம் அடித்தவள். என் ஒன்லி போன இடத்திலிருந்து ஒரு கடிதம்கூடத் திரும்பி வந்ததில்லை. இதைச் சொன்னால், “அது வாங்கிண்டவாளோட பெருந்தன்மை” என்பார். போதும்டா சாமி என்று நான் சமையலறைக்குப் போய்விடுவேன். நம்மவருக்கு ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷம்.

ரிட்டயராகி எட்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடித்தானதும் சோபாவில் ஒரு சிவப்புப் பேனாவுடன் உட்கார்ந்துவிடுவார். இங்கிலீஷில் கடிதம் எழுதவேண்டியவர்கள் எல்லாம் வருவார்கள். பாங்குக்கு, பள்ளிக்கூடத்துக்கு, சொசைட்டி செகரெட்டரிக்கு என்று இந்த ஊரில் கடிதத்துக்கா பஞ்சம். யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பழைய வழக்கம் விடவில்லை. கடிதத்தில் என்ன சமாசாரம் என்று பார்க்க மாட்டார், வாக்கியத்தைப் பார்ப்பார். ஒருத்தர் மகனுக்கு உடம்பு சரியில்லை என்று லீவுக் கடிதம் கொண்டு வந்தார். குழந்தைக்கு என்ன உடம்பு என்று கேட்டது நான். இவர் கேட்டது, ‘சடன்லி’யை ஏன் கடைசியில் போட்டாய் என்று.

இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கலீலுல்லா வந்தார்.

கலீல் பாய் தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருப்பவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் வீட்டுக்காரர் ஆபீசுக்குக் கொண்டுபோன பை அவர் தைத்ததுதான். கைப்பிடி பிய்ந்தால் மறுபடியும் அவரிடமே போகும். கூடவே சாயிமா, அவருடைய மகள், காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண், கையில் ஒரு காகிதத்துடன் வந்திருந்தாள்.

தாராவியில் எல்லாவற்றையும் இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. எந்த வீட்டில் யார், எத்தனை பேர் என்று பட்டியல் போடுவார்கள். பட்டியலில் இருந்தால்தான் நாளைக்கு இடம் என்ற பேச்சுக்கே வழி. கலீல் பாய்க்குக் கீழே பட்டறை, ஏணி ஏறினால் மேலே இரண்டு அறை. ஓர் அறையில் அவரும் மனைவி பீவியும் சாயிமாவும். இன்னொரு அறையில் மகன் அல்தாப், மருமகள் ஜோயா, பேரன் சைஃப். மொத்தம் ஆறு பேர்.

“ஆறு பேரையும் சரியாத்தான் எளுதிருக்காவ சார்” என்றார் கலீல் பாய். “ஆனா வீட்டுக்காரர் பேருன்னு எங்க அண்ணன் பேரைப் போட்டுட்டாவ. மன்சூர் அலின்னு. பழைய கரண்ட் பில்லுல அவிய பேருதான கெடக்கு. அவிய கோவண்டிக்குப் போயி பதினஞ்சு வருசமாச்சு. அந்த வீட்ல நாந்தான் சார் இருக்கேன். அதைத்தான் எளுதிக் குடுக்கணும்.”

“பேஷா எழுதிடலாம்” என்று இவர் கையை நீட்டி சாயிமாவின் காகிதத்தை வாங்கினார். அவள் ஏற்கெனவே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். அண்ணன் போய்விட்டதை ஒழுங்காக எழுதி, அதன் கீழே, ‘ஐ ஒன்லி ஆம் லிவிங் தேர்’ என்று எழுதியிருந்தாள். நான்தான் அங்கே இருக்கிறேன். அப்பா சொன்னதை அப்படியே வைத்திருந்தாள்.

இவர் முகம் பாயசத்தில் கல் கடித்த மாதிரி ஆகிவிட்டது.

“யார் எழுதினது இது?”

“நாந்தான் அங்கிள்.”

“‘ஐ ஒன்லி’ன்னு ஒரு பிரயோகமே கிடையாது குழந்தே. ஒன்லி ஒரு ஆட்வெர்ப். அது எந்த வார்த்தையைச் சேர்ந்ததோ அதுக்கு முன்னாடி நிக்கணும். இங்கே எதைச் சேர்ந்தது?”

“‘ஐ’யை.”

“அது ப்ரோனவுன். அப்போ ப்ரோனவுனுக்கு முன்னாடி ஆட்வெர்ப். என்ன ஆச்சு?”

“ஒன்லி ஐ” என்றாள் அவள், மெதுவாக.

“அதான். அப்புறம் ‘ஆம் லிவிங்’ எதுக்கு? நிரந்தரமா இருக்கறவர் ‘லிவ்’. ஒன்லி ஐ லிவ் தேர். நாலே வார்த்தை. பார், எவ்வளவு சுத்தமா இருக்கு.”

“அங்கிள், ஆனா…”

“பொஸிஷன் விஷயத்திலே ‘ஆனா’வெல்லாம் கிடையாது.”

சாயிமா அப்பாவைப் பார்த்தாள். அவர் இவரையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். படித்த மனிதர், சிவப்புப் பேனா, சோபா. அவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்.

கடிதத்தைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தது நான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்த நாலு வார்த்தையும் திரையில் வந்து நின்றபோது எனக்கு ஒரு கணம் உறுத்தத்தான் செய்தது. நான்தான் என்று அவர் சொன்னார், இது நான் மட்டும் என்றல்லவா சொல்கிறது என்று தோன்றியது. வாயைத் திறந்தால் ஒரு மணி நேரம் பாடம் நடக்கும். அடுப்பில் குக்கர் இருந்தது. விட்டுவிட்டேன். இதை எழுதும்போது என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. இவரைச் சொல்ல எனக்குப் பாதி யோக்கியதைதான் உண்டு, அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மூன்று வாரம் கழித்துக் கலீல் பாய் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை பீவியும் கூட வந்திருந்தாள். அவள் எங்கள் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு நோட்டீஸ். சாயிமா வீட்டில் படித்துச் சொன்னதை இவர்கள் எங்களிடம் சொன்னார்கள்.

அண்ணன் பெயரை அடித்துவிட்டுக் கலீலுல்லா என்று போட்டிருந்தார்கள். அது வரைக்கும் சரி. அதற்குக் கீழே, வசிப்பவர்கள் ஒருவர். மேலே உள்ள இரண்டு அறைகளிலும் யாரும் இல்லை. காரணம், மனுதாரர் தம் கைப்பட ஒப்பமிட்டுக் கொடுத்த கடிதம். ஆட்சேபணை இருந்தால் வியாழக்கிழமை விசாரணைக்கு வரலாம். அன்றைக்கு வராவிட்டால் இதுவே முடிவு.

“அம்மா, எனக்கு இங்கிலீசு தெரியாது” என்றாள் பீவி என்னைப் பார்த்து. “அவிய மட்டுந்தான் அந்த வீட்ல இருக்காவன்னு எளுதிருக்காம். அப்ப நான் யாரு? முப்பத்திரண்டு வருசமா அந்த ஏணியில ஏறி எறங்குதது பேயா பிசாசா? எம் மவன் எங்க இருக்கான், பேரப்புள்ள எங்க இருக்கு?” சொல்லிவிட்டு முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நோட்டீசோடு பின் செய்திருந்த கடித நகலை எடுத்து, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். படித்துவிட்டு, “வாக்கியத்திலே தப்பே இல்லையே” என்றார்.

“தப்பு இல்ல சார்” என்றார் கலீல் பாய். “வீடுதான் இல்ல.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பையின் கைப்பிடி பிய்ந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னார். இவருக்கு அப்போதுதான் முகம் கொஞ்சம் மாறியது.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் எதிரிலேயே கேட்டுவிட்டேன். “ஏன்னா, நான்தான் வேற, நான் மட்டும் வேறன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தமிழ்லே தெரியும்.”

“அவர் தமிழ்லேதானே சொன்னார்?”

“இங்கிலீஷ்லே அந்தத் ‘தான்’ தனியா கிடையாது ஷ்யாமளா. வாக்கியத்தையே மாத்தணும். ‘இட் ஈஸ் ஐ ஹூ லிவ் தேர்’னு போடணும்.”

“தெரிஞ்சிருக்கோல்லியோ? அன்னிக்கு ஏன் அதைப் போடலை?”

இவர் கொஞ்ச நேரம் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். “அன்னிக்கு ஒன்லி தப்பான இடத்திலே இருந்தது” என்றார். “அதைத்தான் பார்த்தேன்.”

ஆறு பேர் வாழ்கிற வீட்டை இவரிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். இவர் அதில் ஒரு வார்த்தை எங்கே நிற்கிறது என்று பார்த்தாராம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்திருப்பேன். விருந்தாளிகள் இருந்ததால் காப்பி கலக்கப் போனேன். பீவி காப்பியைத் தொடவில்லை.

வியாழக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. நாலு நாளும் நம்மவர் சும்மா இருக்கவில்லை. மூன்று பக்கத்துக்கு ஒரு விளக்கம் தயாரித்தார். இங்கிலீஷ் வாக்கியங்களில் ப்ரோனவுனும் ஆட்வெர்பும் சேரும் விதங்கள், அவற்றில் ஒன்லி நிற்கக்கூடிய ஐந்து இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் மாறும் பொருள் என்று கச்சிதமாக ஒரு பாடம். விசாரணை அதிகாரிக்கு இதைப் படித்துக் காட்டினால் தவறு எப்படி நேர்ந்தது என்று விளங்கிவிடுமாம். பாத்ரூமில் குளிக்கும்போதுகூட ஒத்திகை நடந்தது.

புனேயிலிருந்து எங்கள் பையன் கண்ணன் போன் செய்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்பா, நீங்க எழுதினேள், தப்பாயிடுத்துன்னு மட்டும் சொல்லுங்கோ, போதும்” என்றான். “தப்புன்னு எப்படிடா சொல்றது, இலக்கணப்படி சரிதானே” என்றார் இவர். கண்ணன் என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். “அம்மா, நீயும் கூடப் போ” என்றான். அவனும் இந்த வீட்டில் வளர்ந்தவன்தானே.

வியாழக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் டாக்சியில் போய் இறங்கினோம். கலீல் பாய், பீவி, சாயிமா மூவரும் எங்களுக்கு முன்பே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அல்தாப் வரவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் அந்த நேரம் பார்த்து யாராவது வந்து, ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று அவனையும் ஜோயாவையும் குழந்தையையும் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு வந்தார்களாம். நாலு நாளாக அந்த வீட்டை விட்டு எல்லோரும் ஒரே சமயத்தில் வெளியே போகவில்லை. அப்படிப் பயந்து போயிருந்தார்கள்.

அதிகாரி நாற்பது வயதிருக்கும் ஒரு மராத்திப் பெண்மணி. நல்ல மாதிரி. இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசினார். கோப்பைத் திறந்து கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“உங்கள் கையெழுத்துத்தானே?” என்று கலீல் பாயைக் கேட்டார்.

“ஜி மேடம்.”

அந்த அம்மாள் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன். “எங்களுக்குத் தினம் நூறு கடிதம் வருகிறது. எல்லாவற்றிலும் ‘ஐ ஒன்லி, ஐ ஒன்லி’ என்றுதான் இருக்கும். மராத்தியில் ‘மீச்’ என்போம், நானேதான் என்று அர்த்தம். அதைத்தான் இங்கிலீஷில் எழுதுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் கடிதமும் அப்படி வந்திருந்தால் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மூடியிருப்போம். இது அப்படி இல்லை. ‘ஒன்லி ஐ’ என்று வந்தது. கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. இவ்வளவு பார்த்து எழுதுகிறவர் அர்த்தம் தெரிந்துதான் எழுதியிருப்பார் என்று நம்பினோம்.”

நான் இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. முப்பத்துநான்கு வருஷம் கடிதப் பிரிவில் இருந்தவருக்கு இப்படி ஒரு பாராட்டு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

“கையெழுத்து உங்களுடையது. வாக்கியமும் உங்களுடையதுதானா?” என்று அதிகாரி கேட்டார்.

கலீல் பாய் தலையைக் குனிந்துகொண்டார். “படித்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்தார்” என்று இந்தியில் சொன்னார். யார் என்று சொல்லவில்லை. அந்த நிலைமையிலும் இவரைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

“யார் அந்தப் படித்தவர்? எழுதினவர் இங்கே வந்து, நான் எழுதியது, இவர் சொன்னது வேறு என்று எழுதிக் கொடுத்தால் திரும்ப ஆள் அனுப்பலாம். இல்லையென்றால் உங்கள் கடிதம்தான் உங்களுக்கு எதிராக நிற்கும். என்னால் ஒன்றும் செய்ய முடியாது.”

இவர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து அந்த மூன்று பக்கத்தை எடுத்தார். தொண்டையைச் செருமினார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். நாலு நாளாகக் குளியலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. இட் வாஸ் ஐ ஹூ என்று ஆரம்பித்து, ஆட்வெர்பின் இடத்துக்குப் போய், அந்த அம்மாளின் டீ ஆறி, பியூன் வந்து அடுத்தவர் பெயரைக் கூப்பிடுகிற வரைக்கும் போகும்.

“இட் வாஸ்…” என்றார்.

அங்கேயே நின்றுவிட்டார். பீவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் தன் வீடு அந்த மனிதருடைய வாயில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கண்ணைக்கூட இமைக்கவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்து காத்திருந்தார். இவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், பீவியைப் பார்த்தார், காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் திரும்ப வைத்தார்.

“ஐ ஒன்லி, மேடம்” என்றார்.

எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்றே சந்தேகம். அவர் நிறுத்தவில்லை.

“ஐ ஒன்லி ரோட் இட். ஹி ஒன்லி ஈஸ் லிவிங் தேர். ஆல் சிக்ஸ் ஆர் தேர் ஒன்லி.”

மூன்று வாக்கியம், மூன்று ஒன்லி, ஒன்றுகூட அவர் சொல்கிற இடத்தில் இல்லை. அதிகாரி தலையை ஆட்டினார். “ஹாங், ஆத்தா சமஜ்லா” என்றார். இப்போது புரிந்தது என்று அர்த்தம். இவர் பேசி ஒரு தடவையில் ஒருத்தருக்குப் புரிந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து அதையே எழுதித் தரச் சொன்னார்கள். இவர் உட்கார்ந்து எழுதினார். ‘ஐ ஒன்லி’ என்றுதான் ஆரம்பித்தார். அதை அடித்துத் திருத்தவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, பெயரை முழுசாக எழுதி, விலாசமும் எழுதினார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆட்கள் வந்து ஏணி ஏறிப் பார்த்து ஆறு பேரையும் எழுதிக்கொண்டு போனார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. கோப்பை மூடிவிட்டு, ஆள் அனுப்புகிறேன் என்று மட்டும்தான் அந்த அம்மாள் சொன்னார்.

வெளியே வந்து படி இறங்கும்போது கலீல் பாய் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். பீவி பின்னால் சாயிமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

“ஏளா, சார் உள்ள என்னமோ சொன்னாவளே. அதைக் கேட்டதும் அந்த அம்மா சரின்னுட்டாவ. அப்படி என்னளா சொன்னாவ?”

“‘நாந்தான்’னு சொன்னாவ உம்மா.”

பீவி நின்றுவிட்டாள். இரண்டு படி கீழே நின்றிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

“அதத்தான சார்” என்றாள், “நாங்க அன்னைக்கு எளுதச் சொன்னோம்.”